இரட்டைப் படங்கள்

"அப்பா, உங்களிட்டை டொப்பெல்ட் ஏதும் இருக்கே?"

காலைமை நான் கண் முழிக்க முன்னமே மகன் கேட்ட கேள்வி இது. டொப்பெல்ட் என்றால் இரட்டை. 2022 கார்த்திகை மாதம், கட்டாரில் உலகக் கிண்ணம். நொய்கெல்னில் பள்ளிக்கூடம் போகிற பெடியள் பனினிப் படம் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். மொடேனா நகரத்துச் சகோதரர்கள் 1961 இல் தொடங்கிய வியாபாரம் அது. 1970 மெக்சிக்கோப் போட்டியிலிருந்து உலகக் கிண்ணத்துக்கும் அல்பம் போடுகிறார்கள். அந்த வருடம் பக்கற்றுக்குள் ஐந்து படம், விலை ஒரு யூரோ. உள்ளே இருப்பது யாரென்று கிழிக்கும்வரை தெரியாது.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டவன். இப்போது சொன்னன் அலேயில் ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிறேன். முடிக்காத படிப்பு வேண்டாத நேரத்தில்தான் தலை காட்டும். கோப்பை மெசின் ஓடுகிற நேரத்தில் கணக்குப் போட்டேன். அல்பத்தில் 670 படங்கள். யாரோடும் மாற்றாமல் ஒருவன் தனியே ஒட்டி முடிப்பதென்றால், சராசரியாக 4,700 படத்துக்கு மேல் வாங்கவேண்டும். ஏறத்தாழ 950 பக்கற். கடைசியாக மிஞ்சும் ஒரேயொரு படத்துக்கு மட்டும் 134 பக்கற்! அந்த ஒக்ரோபரில்தான் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12 யூரோ ஆகியிருந்தது. வரி கழிக்காமலே 79 மணித்தியாலம் கோப்பை கழுவினால் மகனின் அல்பம் நிரம்பும்.

இரண்டுபேர் கூட்டுச் சேர்ந்து மிச்சத்தை மாற்றிக்கொண்டால் ஆளுக்குச் சுமார் 630 பக்கற் போதும். பங்கிடுதல் தர்மமல்ல, சிக்கனம் என்று அன்றைக்கு விளங்கியது.

எங்கள் சமையற்காரர் அலெப்போவில் இருந்து வந்தவர். அவருடைய மகனும் ஒட்டுகிறான். வெங்காயம் வெட்டுகிற மேசையில் நாங்கள் இரண்டு தகப்பன்மாரும் பரிமாறினோம். ஒரு நெய்மாருக்கு இரண்டு ஜெர்மன்காரர். டிசம்பர் முதலாந் திகதி ஜெர்மனி முதற்சுற்றோடு வீட்டுக்குப் போனபிறகு, ஒரு நெய்மாருக்கு ஐந்து. சந்தை என்றால் அப்படித்தான்.

அமெரிக்காவில் பேஸ்போல் அட்டை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மிக்கி மான்ரில் என்ற ஆட்டக்காரரின் 1952 ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022 ஆவணியில் 12.6 மில்லியன் டொலருக்குப் போனது. அந்த வருடத்து அட்டைகளில் விற்காமல் கிடந்தவற்றை 1960 இல் கடலில் கொட்டியதாக, அவற்றை உருவாக்கிய சை பேர்கரே சொல்லியிருக்கிறார். மற்றவனிடம் இல்லாததால்தான் இது செல்வம். எல்லாரிடமும் இருந்தால் வெறும் மட்டை.

சில நாளில் சமையற்காரரின் மகனிடம் மாற்ற ஒன்றும் இல்லாமல் போனது. தகப்பன் பக்கற் வாங்குவதை நிறுத்திவிட்டார். ஏனென்று நான் கேட்கவில்லை. மாதக் கடைசி.

"அவனுக்குக் கொஞ்சம் குடன் அப்பு."

"அவனிட்டை மாத்த ஒண்டும் இல்லையே அப்பா. சும்மா குடுக்கிறதே?"

அப்போதுதான் முத்திரைக் கதையைச் சொன்னேன். எனக்கு ஏழு வயது. மாமா ஜெர்மனியில் இருந்து போடுகிற கடிதங்களின் முத்திரைகளைச் சேர்த்து ஒரு கொப்பியில் ஒட்டியிருந்தேன். 1995 ஐப்பசி 30, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. கொப்பியைச் சேட்டுக்குள் வைத்திருந்தேன். நாவற்குழிப் பாலம் தாண்டுவதற்குள் மழையில் எல்லாம் கூழாகிவிட்டது. கொடிகாமத்தில் எங்களுக்கு இடம் தந்த வீட்டில் என் வயதுப் பெடியன் ஒருவன் இருந்தான். ஒரு கிணறு, நாற்பது சனம். அவன் தன் முத்திரைகளைக் கொண்டுவந்து விரித்தான். இரட்டையாய் இருந்தவற்றைத் தந்தான். பிறகு, தன்னிடம் ஒன்றே ஒன்றாய் இருந்த சுவிஸ் முத்திரையையும் தந்தான். ஏனென்று கேட்டேன். "உன்னட்டை ஒண்டும் இல்லைத்தானே" என்றான்.

இரட்டையைக் கொடுப்பது கணக்கு. ஒன்றைக் கொடுப்பதற்கு எந்தக் கணக்கில் இடமிருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.

"அவன் இப்ப எங்கை அப்பா?"

"தெரியாதப்பு. நான் அவனுக்கு ஒண்டும் திருப்பிக் குடுக்கேல்லை."

அடுத்தநாள் மகன் இரட்டைகள் முழுவதையும் ஒரு கடித உறைக்குள் போட்டுத் தந்தான். எண்ணிப் பார்த்தேன், 43.

"மெஸ்ஸி?"

"மெஸ்ஸி ஒண்டுதான் இருக்கு அப்பா."

நான் பேசாமல் சப்பாத்துப் போட்டேன். பேச வாயில்லை. முதல்நாள் இரவு பின்கதவால் போன வாடிக்கையாளர் ஒருவர், சாப்பாடு நல்லாயிருந்தது என்று என் கையில் 20 யூரோ வைத்துவிட்டுப் போயிருந்தார். சமைத்தது நானல்ல. குசினிக்குள் வருகிற ரிப்ஸைப் போட்டுப் பிரிக்க எங்களுக்கு ஒரு தகர டப்பா இருக்கிறது. அந்தத் தாள் டப்பாவுக்குள் போகவில்லை, என் ஜக்கற் பொக்கற்றுக்குள் கிடந்தது.

அதுவும் என்னிடம் ஒன்றுதான் இருந்தது.