பதவிப் பெயரும் மேசை எண்ணும்

அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவர்களுக்கு இது தெரியும். வெளியிலிருந்து வரும் கடிதத்தில் அதிகாரியின் பதவிப் பெயர் மட்டுமே இருக்கும். அந்தக் கோப்பு எந்தப் பிரிவில், எந்த மேசையில் இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பட்டியலைப் பார்த்து உரிய மேசைக்கு அனுப்புவது தபால் குமாஸ்தாவின் பொறுப்பு. புதுச்சேரியில் பல வருஷம் நான் பார்த்த வேலை அது.

தொலைபேசிக்குள்ளும் அப்படி ஒரு குமாஸ்தா உண்டு என்பது எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

மகளைப் பார்க்க நானும் மனைவியும் பாரீஸ் போயிருந்தோம். அப்போது ஊரில் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன், அதற்குள் முன்பணம் கட்ட வேண்டும். கணக்கில் பணம் இருந்தது. அனுப்பத் தேவையான ஓடிபி வரவில்லை. தம்பி மகன் அனுப்பிய குறுஞ்செய்தி வந்தது, வங்கியின் செய்தி மட்டும் வரவில்லை. கடைசியில் அவன் தன் மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினான்.

மாப்பிள்ளைக்கு அங்கே தொலைபேசித் துறையில்தான் வேலை. “மாமா, உங்க போன் நல்லாத்தான் இருக்கு. செய்தி வழியில எங்கேயோ நிக்குது” என்றார். பிறகு ஒரு தாளில் வரைந்து விளக்கினார்.

நம் தொலைபேசி எண் ஓர் இடத்தைக் குறிப்பதில்லை, பதவிப் பெயர் மாதிரிதான். நமக்குச் செய்தி அனுப்பும் மையம், நம் கம்பெனியின் பதிவேட்டை முதலில் விசாரிக்கிறது: ‘இந்த எண்காரர் இப்போது எங்கே?’ நான் பிரான்சில் இருந்ததால், 33-இல் தொடங்கும் ஓர் இணைப்பகத்தின் எண் பதிலாக வருகிறது. செய்தி அந்த எண்ணுக்குப் புறப்படுகிறது. இப்படி முகவரியாக வரும் எண்ணுக்குக் குளோபல் டைட்டில் என்று பெயர். வழியில் எஸ்.டி.பி. என்ற சந்திப்பு நிலையம் அதன் முதல் சில இலக்கங்களைத் தன் அட்டவணையில் தேடி, அடுத்து எந்த நிலையத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது. அந்த நிலையத்தின் மேசை எண்தான் பாயிண்ட் கோட். முழு வழியும் எந்த நிலையத்துக்கும் தெரிய வேண்டியதில்லை, அடுத்த மேசை தெரிந்தால் போதும்.

பிரான்சில் ஒரு கம்பெனி புது எண் வரிசையைப் பயன்படுத்தத் தொடங்கினால், மற்றவர்களின் அட்டவணையிலும் அந்த வரி ஏற வேண்டும். ஏறாவிட்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும். வங்கியின் செய்தி வந்த வழியில் அப்படி ஒரு வரி விடுபட்டிருக்கும் என்பது மாப்பிள்ளையின் ஊகம். புகார் கொடுத்த மூன்றாம் நாள் ஓடிபி வர ஆரம்பித்தது.

இரண்டு நிலையங்கள் தப்பான வரியால் ஒன்றையொன்று கைகாட்டினால் செய்தி சுற்றிக்கொண்டே இருக்குமாம். அதைத் தடுக்க, சிலவகைச் செய்திகளில் ஓர் எண்ணிக்கையும் வைத்திருக்கிறார்கள். அதிகபட்சம் 15 தடவைதான் கைமாறலாம், அதற்குமேல் தள்ளுபடி. நம் கோப்புகளுக்கு அப்படி ஒரு விதி இருந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்!

பிரெஞ்சில் படித்த எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு மாறியவருக்கு எழுதும் கடித உறையின்மேல் ‘ஃபேர் சுய்வ்ர்’ என்று குறிப்போம். புது முகவரிக்கு அனுப்பிவைக்கவும் என்று அர்த்தம். தெருவை அறிந்த தபால்காரர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். இயந்திரத்துக்குத் தெருவும் தெரியாது, ஆளும் தெரியாது. அட்டவணையில் எழுதியது மட்டுமே தெரியும்.

வெளிநாடு போகும் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. குறுஞ்செய்தி வராவிட்டால் வேறு வழி என்ன என்று வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போது, செய்தியை எதிர்பார்த்த நாள், மணி, நிமிஷம் எல்லாம் சொல்லுங்கள். தேடுபவர்களுக்கு அதுதான் பிடி.

பிரிவுகள் மாறிய அன்றே தபால் பட்டியலையும் திருத்திவிட வேண்டும் என்று எங்கள் சூப்பரின்டென்டன்ட் கறாராக இருந்தார். ஒரு வரி ஏறாவிட்டால், யாரோ ஒரு விதவையின் பென்ஷன் மனு தப்பான மேசையில் மாதக்கணக்கில் தூங்கும் என்பது அவருக்குத் தெரியும்.