புது சீட்டும் பழைய வயரும்

பழைய அம்பாசடரில் புதுக் காரின் பவர் சீட்டை மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் சீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அதில் யார் உட்காரப்போகிறார் என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அப்பாவுக்கு ஐயா. முழங்கால மடக்க முடியல. ஆனா இந்த வண்டிய விட்டுட்டு வேற வண்டியில ஏற மாட்டேங்கிறார்."

பழைய வண்டி பிறந்தபடியே இருக்க வேண்டும், ஒரு ஸ்க்ரூகூட மாறக்கூடாது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. கண்காட்சியில் நிறுத்தும் வண்டிக்கு அது சரி. ஆனால் வாழ்நாளெல்லாம் அந்த வண்டியை ஓட்டியவர், இன்று ஏற முடியாமல் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சீட்டைத் தாராளமாக மாற்றலாம். மாற்றும் விதத்தில்தான் நம் பொறுப்பு இருக்கிறது.

சீட்டுக்கு அடியில் கொத்துக் கொத்தாக வயர் தொங்குவதைப் பார்த்தே பலர் பயந்துவிடுகிறார்கள். உட்காரும் நிலையை நினைவில் வைக்கும் மெமரி இல்லாத சீட்டாக இருந்தால், அந்தக் கொத்தில் நமக்கு வேண்டியவை பெரும்பாலும் இரண்டு தடித்த வயர்கள்தான். ஒன்று பேட்டரி பாசிட்டிவ், இன்னொன்று எர்த். மிச்சத்தை சுவிட்ச் பார்த்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு முனைகளும் எர்த்தில் இருக்கும். சுவிட்சை முன்னே தள்ளினால் ஒரு முனைக்குக் கரண்ட் போகும், பின்னே இழுத்தால் மறு முனைக்குப் போகும். அதற்கேற்ப மோட்டார் திசை மாறிச் சுற்றும்.

மெமரி சீட் வேறு சங்கதி. அதிலுள்ள எலக்ட்ரானிக் பெட்டி தன் வண்டியின் மற்ற கம்ப்யூட்டர்களிடமிருந்து தகவலுக்குக் காத்திருக்கும். வராவிட்டால் பல சீட்டுகள் அசையவே அசையாது. 1957-லேயே கேடிலாக் எல்டொராடோ புரூஹம் காரில், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், மெமரி சீட் வைத்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். நம் வேலைக்கு மெமரி வேண்டாம்.

காயலான் கடைக்குச் சீட் எடுக்கப் போகும்போது ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கூடவே கொண்டுபோங்கள். சீட்டைப் பின்னே தள்ளினால்தான் முன் போல்ட் தெரியும், முன்னே தள்ளினால்தான் பின் போல்ட் தெரியும். விபத்தில் அடிபட்டு வந்த வண்டியில் பெரும்பாலும் பேட்டரி இருக்காது. அவசரப்பட்டுக் கடப்பாரையால் நெம்பினால் சீட் நகர்வதற்கு அடியிலுள்ள ரயில் கோணிவிடும். கோணிய ரயிலில் மோட்டார் முட்டி முட்டி நின்று கரண்டைக் குடிக்கும்.

சீட்டைக் கவிழ்த்ததும் மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக்குக்கோ, விபத்தின்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வெடிமருந்துக்கோ போகிற வயர். அதில் டெஸ்ட் லேம்ப் வைப்பதோ, மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதோ கூடவே கூடாது. அந்தச் சின்னக் கரண்ட்டிலேயே வெடித்துவிடக்கூடும். பழைய வண்டியில் ஏர்பேக்கை இயக்கும் பெட்டி கிடையாது என்பதால் அது நமக்குப் பயன்படப்போவதும் இல்லை. ஏர்பேக் இல்லாத சீட்டாகத் தேடி எடுப்பதுதான் நல்லது. விலை மலிவு என்று இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி வண்டிக்கு வருவோம். 1960-களில் வந்த அம்பாசடர் போன்ற வண்டிகளில் ஃபியூஸ்களை ஒரு கை விரலிலேயே எண்ணிவிடலாம். அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தருவதே 22 ஆம்பியர். ஹெட்லைட்டும் ஹாரனும் வைப்பரும் அதற்குள்தான் பிழைக்க வேண்டும். சீட் மோட்டார் நகரும்போது 5 முதல் 10 ஆம்பியர் வரை எடுக்கும். கடைசி வரை போய் முட்டி நின்றால் 20-ஐயும் தாண்டும். இது தெரியாமல், ரேடியோ வயர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று அதிலிருந்தே இழுத்துவிடுகிறார்கள். சீட் வேலை செய்யும். ஒரு வாரம், ஒரு மாதம் செய்யும். பிறகொரு நாள் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து ரப்பர் கருகும் வாடை வரும்.

பழையதின் மேல் புதியதன் பாரத்தை ஏற்றக் கூடாது. இதை நான் வயரில் கற்றேன், வீடுகளில் பார்க்கிறேன். எழுபது வயதுத் தாத்தாவிடம் பேரனைப் பள்ளியில் விடச் சொல்கிறோம். பிறகு கரண்ட் பில், பிறகு ரேஷன், மாலையில் டியூஷன். அவர் மறுத்துப் பேசுவதில்லை. "அப்பா நல்லா சுறுசுறுப்பா இருக்கார்" என்று நாமும் பெருமையாகச் சொல்கிறோம். எவ்வளவு தாங்குவார் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. சுருண்டு படுத்த பிறகுதான் தெரிகிறது. பெரியவர்களுக்குச் சுகம் செய்து தருகிறோம் என்று நாம் கொண்டுவரும் பல ஏற்பாடுகளின் பாரமும் கடைசியில் அவர்கள் தலையிலேயே விழுகிறது.

ஆகவே சீட்டுக்குத் தனி லைன் போடுங்கள். பேட்டரியிலிருந்து நேராக 4 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ். எஞ்சின் பக்கத் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் க்ரோமெட் கட்டாயம் வேண்டும். எர்த் வயரை மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு லக்கை வைத்து முறுக்குங்கள். முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றுவது வேண்டாம், க்ரிம்ப் அடியுங்கள். சில பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வண்டியின் சொந்த வயரில் ஒரு வெட்டுகூட விழக் கூடாது. நாளைக்கு யாராவது பழைய சீட்டையே திரும்பப் போட நினைத்தால், நம் வேலையை முழுசாகக் கழற்றி எடுக்க வழி இருக்க வேண்டும்.

உயரம்தான் பலர் மறந்துபோவது. பவர் சீட்டின் வயிற்றில் மோட்டாரும் கியரும் இருப்பதால் அது பழைய சீட்டைவிட உயரமாக நிற்கும். ஒரு முறை, சீட்டில் உட்காரப்போகும் பெரியவரையே பட்டறைக்கு வரச் சொன்னேன். சீட்டைப் போல்ட் போடாமல் பலகைத் துண்டுகளின் மேல் வைத்து, அவரை உட்கார வைத்தோம். ஒவ்வொரு பலகையாக உருவினோம். ஸ்டியரிங் தொடையில் இடிக்காமலும், தலை கூரையில் படாமலும், இரண்டு பாதங்களும் தரையில் முழுசாகப் பதிந்த இடத்தில் "இதுதான்" என்றார். பிராக்கெட்டை அந்த அளவுக்கே செய்தோம். சுவிட்சுக்குப் பென்ஸ் காரில் வருவதுபோல் சீட் வடிவிலேயே இருப்பதைத் தேடி எடுத்தோம். பார்வை மங்கிய அவர் விரலால் தடவியே முதுகு எது, இருக்கை எது என்று கண்டுகொண்டார். சீட்டைத் தாங்கும் தரைத் தகடு துருப்பிடித்திருந்தால், அடியில் கெட்டியான பிளேட் கொடுக்காமல் போல்ட்டை முடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் எந்த நிற வயர் எங்கே போகிறது, ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர் என்று தெளிவாக வரைந்து டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறக்கும் எலக்ட்ரீஷியனுக்கு அது வேண்டும்.