மெயில் ஒரு பக்கம், காலண்டர் ஒரு பக்கம்

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரிடமிருந்து மெயில் வருகிறது. "வியாழன் மதியம் 3 மணிக்கு மீட்டிங் வைக்கலாமா?" உடனே "சரி சார்" என்று பதில் போட்டுவிடுகிறாள். புது வேலை, அந்த அவசரம் இருக்கத்தானே செய்யும். அதே வியாழன், அதே 3 மணிக்கு அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று போன வாரம் அவளே அவுட்லுக் காலண்டரில் குறித்து வைத்திருந்தாள். குறித்ததெல்லாம் சரிதான். மெயிலைப் படிக்கும்போது காலண்டர் கண்ணில் படவில்லையே!

அவளை மறதிக்காரி என்று சொல்வது சுலபம். தப்பில் பாதி அந்தத் திரைக்கும் உண்டு. அவுட்லுக்கைத் திறந்தால் ஒரே விண்டோ. கண்ட்ரோலோடு 1 அழுத்தினால் மெயில், 2 அழுத்தினால் காலண்டர். ஒன்று வந்தால் மற்றது போய்விடும். தேதியை மனசில் வைத்துக்கொண்டு காலண்டருக்குத் தாவி, அங்கே வேறு எதையோ பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் "வியாழனா, வெள்ளியா?" என்று சந்தேகம்... மறுபடியும் தாவல். எதிராளி மூன்று தேதி கொடுத்து 'எது வசதி' என்று கேட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

மேஜைமேல் கடிதத்தையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஏன், மைக்ரோசாஃப்டிலேயே முன்பு மெயிலுக்கு எக்ஸ்சேஞ்ச் கிளையண்ட், காலண்டருக்கு ஷெட்யூல் ப்ளஸ் என்று இரண்டு தனித்தனி புரோகிராம்கள் இருந்தன. 1997-ல் வந்த அவுட்லுக் 97தான் இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தது. அதில் நிஜமாகவே வசதி உண்டு. மெயிலில் வந்த மீட்டிங் அழைப்பை ஒப்புக்கொண்டால் அது தானாகவே காலண்டரில் ஏறிக்கொள்ளும். ஒரே வீடு என்பது சரி, ஒருவர் வாசலுக்கு வந்தால் இன்னொருவர் உள்ளே போய்விட வேண்டும் என்று ஏன் வைத்தார்களோ!

அவர்களுக்கே உறுத்தியிருக்கும் போல. அவுட்லுக் 2007-ல் அடுத்து வரும் வேலைகளைக் காட்டும் பட்டை ஒன்றை வலது ஓரத்தில் சேர்த்தார்கள். 2013-ல் காலண்டர் மேல் மவுஸை வைத்தால் எட்டிப் பார்க்கலாம் என்றார்கள். எட்டிப் பார்ப்பதும் முழுசாகப் பார்ப்பதும் ஒன்றா?

இத்தனைக்கும் வழி ரொம்பச் சின்னது. வழக்கமான அவுட்லுக்கில் காலண்டர் ஐகான் மேல் ரைட் க்ளிக் செய்து 'ஓப்பன் இன் நியூ விண்டோ' கொடுத்தால் போதும், காலண்டர் தனி விண்டோவாக வந்துவிடும். பிறகு விண்டோஸ் கீயோடு இடது அம்புக்குறி, மற்றதற்கு வலது அம்புக்குறி. (இந்தப் பாதிப் பாதி வித்தை 2009-ல் விண்டோஸ் 7-ல் வந்தது.) திரை ஆளுக்குப் பாதி.

ஜிமெயில் கதை நேர் எதிர். மெயில் 2004-ல், காலண்டர் 2006-ல், பிறந்ததே தனித்தனியாக. ஆனால் இரண்டையும் ஒரே பிரவுசரில் இரண்டு டேபாக வைத்துக்கொண்டு அதே தாவலைத் தாவுகிறவர்கள்தான் அதிகம்! டேபைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டால் அதுவும் தனி விண்டோதான்.

சின்ன லேப்டாப்பில் பாதித் திரை நெருக்கடியாக இருக்கும், உண்மை. காலண்டரை மாதமாக வைக்காமல் அன்றன்றைக்கு மட்டும் காட்டச் சொன்னால் ஒல்லியான இடமே போதும். இன்னொரு லாபமும் உண்டு. வேலை பார்க்கும்போது மெயிலை மட்டும் மினிமைஸ் செய்துவிட்டுக் காலண்டரை விட்டுவைக்கலாம். வந்து குவியும் மெயில்கள் கண்ணை இழுக்காது, அடுத்த மீட்டிங்கும் தவறாது.

அந்தப் பெண்ணுக்கு வருவோம். இடது பக்கம் மேனேஜரின் மெயில், வலது பக்கம் வியாழக்கிழமை. 3 மணிக்கு நேரே 'அப்பா - கண் ஆஸ்பத்திரி'. பதிலை டைப் செய்கிறாள்: "சார், 3 மணிக்கு அப்பாவோடு ஆஸ்பத்திரி போகணும். காலையில் 11 மணிக்கு வச்சுக்கலாமா?"