சிவப்பும் மஞ்சளும்

மொழிப்பற்று, நாட்டுப்பற்று என்னும் தலைப்புகளில் கட்டுரை எழுதப் பணித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்களை வாட்டி வந்திருக்கிறேன். ஆயினும் என் உள்ளத்தில் குடிகொண்ட ஒரு பற்றைக் குறித்து நான் இதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. தலைமையாசிரியர் ஒருவர் காற்பந்துக் குழுவின்மீது பித்துக் கொண்டிருப்பதை ஊரறியச் சொல்லலாமா என்ற தயக்கமே காரணம். இனி மறைப்பதில் பயனில்லை. நான் சிலாங்கூர்க் குழுவின் இரசிகன்.

இப்பற்றை நானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. குடும்பச் சொத்தாக அது தந்தையாரிடமிருந்து வந்தது. கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய அவருக்கு, பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு வானொலிப் பெட்டியே ஆடம்பரம். ஆட்டம் நடைபெறும் இரவுகளில் எங்கள் லயத்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிடுவர். மலாய்மொழி வருணனையை அவர் கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தமிழில் சொல்வார். சொல்லும்போது சிலாங்கூருக்குச் சாதகமாகச் சிலவற்றைச் சேர்த்துக்கொள்வார் என்பதைப் பிற்காலத்தில் மலாய் நன்கு கற்ற பிறகே உணர்ந்தேன்.

மலேசியக் கிண்ணத்தின் வரலாற்றையும் அவரே எனக்குப் போதித்தார். 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள் வழங்கிய கிண்ணத்திற்காக 1921-இல் போட்டி தொடங்கிற்று. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் சிலாங்கூர் 1-2 எனத் தோற்றது. தாம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த அத்தோல்வியைத் தம் கண்ணெதிரே நடந்த அநீதியைப் போல அவர் விவரிப்பார்.

1980-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் பதினேழு வயது ஃபாண்டி அகமதுவின் கோலால் சிங்கப்பூர் மீண்டும் வென்றபோது, தந்தையார் வானொலியை அணைத்துவிட்டு இருட்டில் தண்ணீர்க் குழாயடியில் போய் அமர்ந்தார். அம்மா சோறு போட்டு வைத்து இருமுறை அழைத்தும் வரவில்லை. மறு ஆண்டு தோட்டத்தார் காசு போட்டு லாரி பிடித்துக் கோலாலம்பூருக்குச் சென்றோம். மெர்டேக்கா அரங்கில் அதே சிங்கப்பூரை 4-0 என்று சிலாங்கூர் வென்றது. மொக்தார் டஹாரி பந்தைத் தொட்டாலே அரங்கு எழுந்து நின்றது. பதின்மூன்று வயதில் அப்பேரோசையைக் கேட்டவனுக்கு வேறொரு குழுவின்மீது மனம் செல்லுமா?

தந்தையாரின் நாயகரோ மொக்தார் அல்லர்; கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தை மடக்கியதால் நாடே அவரைச் 'சிலந்தி மனிதர்' என்றழைத்தது. 'நம்ம ஆளு நிக்கிறாண்டா' என்று தந்தையார் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிரும். பிரட்டுக் களத்தில் நாள்தோறும் தலைகுனிந்து நின்ற ஒருவருக்கு அச்சொல் எத்தனை பெரிய செல்வம் என்பதை நான் அப்போது அறியவில்லை.

அந்த ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்தார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். தந்தையார் எனக்கு எழுதிய கடிதங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று அச்செய்தியை மட்டுமே தாங்கி வந்தது. நலமா என்று கேட்கவும் மறந்திருந்தார்.

கல்லூரியில் என் அறைத்தோழர் கெடா மாநிலத்தவர். அவர் பட்ட துன்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து இறுதியாட்டத்திற்கு வந்து, மூன்று முறையும் கோலாலம்பூரிடம் கெடா தோற்றது. ஒவ்வொரு முறையும் அவர் பச்சை மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைப்பார். யார்மீதும் குறை சொல்லமாட்டார். 1990-இல் சிங்கப்பூரை 3-1 என்று வென்று கெடா கிண்ணத்தைக் கைப்பற்றிய இரவில், அவர் என் தோளில் சாய்ந்து விம்மினார். நானும் கூத்தாடினேன். பிறகு, துரோகம் செய்துவிட்டோமோ என்ற குற்றவுணர்வால் தந்தையாருக்கு எழுதினேன். 'சிங்கப்பூர்தானே தோத்துச்சு, பரவாயில்ல' என்று பதில் வந்தது.

அந்த ஒன்பது ஆண்டுகளை, அதாவது 1986-க்குப் பின் 1995 வரை சிலாங்கூருக்குக் கிண்ணம் வாய்க்காத காலத்தை, நாங்கள் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது வேறொன்று. 1994-ஐ ஒட்டி ஆட்டங்களை விலைபேசிய ஊழல் வெளிப்பட்டது. நாடெங்கும் ஆட்டக்காரர் பலர் விசாரிக்கப்பட்டனர். பலர் தடை செய்யப்பட்டனர். நாம் கண்ணீர் விட்ட ஆட்டங்களில் எவை மெய், எவை பொய்? தந்தையார் வானொலியைத் துணியால் மூடி அலமாரியின்மேல் வைத்துவிட்டார். ஓராண்டு அதைத் தொடவில்லை. 1995 இறுதியாட்டத்தன்று நான் வீட்டிற்குச் சென்றபோது, பெட்டி வாசலில் இருந்தது. புதிய பேட்டரியும் போட்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் காலமான பிறகே எனக்குக் கெடாவிற்கு மாற்றல் கிடைத்தது. சுங்கைப் பட்டாணிக்கு அருகே ஒரு தமிழ்ப்பள்ளி. பள்ளிக் காற்பந்துக் குழுப் பையன்கள் அனைவரும் கெடாவின் வெறியர்கள். 'ஐயா, நீங்க எந்தக் குழு?' என்று கேட்டால், 'நன்றாக ஆடும் குழு' என்று மழுப்புவேன். நடுநிலை என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டேன். உண்மையில் அது கோழைத்தனம்.

2015 டிசம்பரில் ஷா ஆலாம் அரங்கில் கெடாவும் சிலாங்கூரும் இறுதியாட்டத்தில் மோதின. பள்ளி விடுமுறையாதலால் ஆறு பையன்கள் என் வீட்டுத் தொலைக்காட்சியின்முன் பச்சை மஞ்சள் சட்டையணிந்து அமர்ந்திருந்தனர். சிலாங்கூர் 2-0 என வென்றது. அக்குழுவின் முப்பத்து மூன்றாம் வெற்றி! கைதட்டவும் இயலவில்லை, தொலைபேசியில் அழைத்துச் சொல்லவும் தந்தையார் இல்லை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் முகத்தையே உற்றுப் பார்த்து, 'ஐயா, நீங்க அழுறீங்க. ஆனா எங்களுக்காக இல்ல' என்றான்.

உள்ளே சென்று, அம்மா சிவப்பும் மஞ்சளுமாகக் கரை தைத்துக் கொடுத்த தந்தையாரின் பழைய துண்டை எடுத்து வந்து காட்டினேன். லாரி, குழாயடி, ஆறுமுகம் அனைத்தையும் சொன்னேன். பையன்கள் நெடுநேரம் பேசவில்லை. விடைபெறும்போது அவன் மட்டும் வாயிலில் நின்று, 'அடுத்த வருஷம் பாப்போம் ஐயா' என்றான்.

அடுத்த ஆண்டும் அவ்விரு குழுக்களே இறுதிக்கு வந்தன. 2016 அக்டோபர் 30, தீபாவளிக்கு மறுநாள். பினால்டி உதைகளில் கெடா வென்றது. விடுமுறை முடிந்து பள்ளிக்குச் சென்றேன். என் நாற்காலியின் முதுகில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு நாடா கட்டப்பட்டிருந்தது. அவிழ்க்கட்டுமா என்று அலுவலகப் பணியாளர் கேட்டார். வேண்டாமென்று சொல்லிவிட்டு அமர்ந்தேன்.