தகரப் பெட்டியில் இருந்த படங்கள்

தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த வழக்கம். சென்ற ஆண்டு வட்டகொடையில் உள்ள எங்கள் வீட்டின் பழைய சாமான்களை வெளியே எடுத்து வைத்தபோது, துருவேறிய பிஸ்கற் தகரப் பெட்டி ஒன்று கையில் அகப்பட்டது. உள்ளே பொத்தான்களோ, ஊசி நூலோ இருக்கும் என்றுதான் எண்ணினோம். திறந்து பார்த்தால் அத்தனையும் புகைப்படங்கள்! வெள்ளையடிக்கும் வேலை அன்று அவ்வளவோடு நின்றது. பெரியவர்களும் சிறுவர்களுமாகப் பாயை விரித்து அமர்ந்துவிட்டோம்.

மலைநாட்டின் ஈரம் புகைப்படத்துக்குப் பெரும்பகை. சில படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சிலவற்றின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஆயினும் எஞ்சியவற்றில் நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்த ஒரு மலைநாடு தெரிந்தது.

முதலிற் கண்டது ஓர் அஞ்சலட்டை. அதில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி மலையை மறைத்துக்கொண்டு வெள்ளைவெளேரென்று பாய்ந்தது. "இது நம் தலவாக்கலை அருவிதானா?" என்று சிறுவன் ஒருவன் ஐயத்தோடு கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்டது. தலவாக்கலையில் அணை கட்டி, கொத்மலை ஓயாவின் நீரை ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே கொண்டுசென்று 150 மெகாவாற் மின்சாரம் ஆக்குகிறார்கள். அருவி அடியோடு வறண்டுவிடாதிருக்கப் பகற்பொழுதில் ஓரளவு நீரைத் திறந்துவிடுகிறார்கள். நாங்கள் விளக்கேற்றுவதும் அதுபோன்ற மின்சாரத்தாலேயே. ஆகையால் குறை கூற எங்களுக்கு வாயில்லை. எனினும் அச்சிறுவன் அறிந்த அருவி வேறு, அவன் பாட்டனார் அறிந்த அருவி வேறு என்பதற்கு அந்த அஞ்சலட்டையே சாட்சி.

மலைநாட்டில் மறைந்துபோனவை இன்னும் எத்தனையோ! நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு சிறிய கோச்சி ஓடிற்று. 1903இல் நுவரெலியாவுக்கும், அடுத்த ஆண்டு இராகலைக்கும் சென்ற அந்தப் பாதை 1940களில் மூடப்பட்டது. 1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியில் ஊர்களும் விகாரைகளும் உறங்குகின்றன. கோடையில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரிய, மக்கள் திரண்டு சென்று பார்க்கிறார்கள். இவற்றின் பழைய தோற்றத்தை இன்று புகைப்படத்தில்தான் காணலாம்.

மறைந்த அடையாளங்களின் படங்களைப் பொக்கிஷமெனப் பேணும் ஊர்கள் உலகில் உண்டு. கனடாவின் புல்வெளி மாகாணங்களில், ஊருக்கு ஊர் புகைவண்டிப் பாதையோரம் உயர்ந்து நின்ற மரத் தானியக் களஞ்சியங்கள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் படங்களை அங்குள்ள நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் சேர்த்து, இடமும் ஆண்டும் குறித்து வைத்திருக்கின்றன. அந்நாடு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்களுக்கு அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்று அம்மாகாணங்களின் பெயர்களே சூட்டப்பட்டன. அவை வட்டகொடை ஸ்டேஷனைக் கடந்து மலையேறியதைக் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

எங்கள் தகரப் பெட்டிக்குத் திரும்புவோம். அடுத்து வந்த படத்தில் தோட்டம் ஒன்று தெரிந்தது. மேட்டில் துரை பங்களா. கீழே பல தட்டுகள் கொண்ட தேயிலை ஸ்டோர். அதற்கும் கீழே பிரட்டுக்களம், பிள்ளை மடுவம், நீண்ட லயங்கள். பங்களாவின் சன்னல்களைக்கூட எண்ணலாம். கொழுந்துக் கூடைகளோடு வரிசையாக நிற்கும் பெண்களின் முகமோ தெரியவில்லை. படமெடுத்தவர் மலையின் உயரத்தைக் காட்ட மனிதரை அளவுகோலாக நிறுத்தினார் போலும்!

பழைய படங்களிற் பெரும்பாலானவை இத்தகையனவே. புகைவண்டிப் பாதை 1885இல் வட்டகொடையைத் தாண்டி நானுஓயாவை அடைந்தது. அதன்பின் கமரா சுமந்த வெள்ளையர் மலைநாட்டுக்கு வந்துபோவது எளிதாயிற்று. 1890இல் கொழும்பில் தோன்றிய பிளாட்டே நிறுவனத்தைப் போன்றவை தேயிலைத் தோட்டக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றன. புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரும் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இம்மலைநாட்டிலேயே காலமானார். போகவந்தலாவையில் உள்ள தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினின் படத்தையும் டெனிசனின் படத்தையும் உலகம் பெயர் சொல்லிப் போற்றுகிறது. இலங்கையில் அவர் படமெடுத்த தொழிலாளரோ பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். முகம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. அந்த அம்மையாரிடமே அப்படியென்றால், அஞ்சலட்டை விற்றவர்களைக் குறை சொல்வானேன்?

பெட்டியின் அடியில் கிடந்தது ஒரு சிறிய குடும்பப் படம். எங்கள் தந்தையாரின் தமக்கையான அத்தையும், மாமாவும், இரு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி உடன்படிக்கைப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவர்களெனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள 1974இல் முடிவாயிற்று. மாமா இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார்; எங்கள் தாத்தா இலங்கைக்கு. 1973இல் அத்தை குடும்பம் தோட்டத்தில் பயணம் சொல்லிவிட்டுத் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறிற்று. அழுகைக் கோச்சி என்று அதற்குப் பெயர்.

கடவுச்சீட்டுக்காக எடுத்த படம் அது என்பது பார்த்தவுடன் விளங்கியது. ஆனால் இடது ஓரத்தில், அழுத முகத்தோடு நிற்கும் சின்னப் பிள்ளையின் தோள்மேல் ஒரு கை மட்டும் தெரிந்தது. கோட்டுச் சட்டையின் முனையும் ஒரு கையும்; அவ்வளவுதான். படமெடுப்பவரின் உதவியாளாக இருக்கலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அத்தை இப்போது நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் பிள்ளைகளோடு இருக்கிறார். அங்கும் தேயிலை மலைதான். கைப்பேசியில் படத்தை அனுப்பிவிட்டு அழைத்தோம். முதலில் லயத்தைப் பற்றித்தான் கேட்டார்: பீலியில் இன்னும் தண்ணீர் வருகிறதா, கோயிலடி மரம் நிற்கிறதா என்று. அந்த லயம் எப்போதோ இடிந்துவிட்டது, மரமும் இல்லை என்றோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தக் கை யாருடையது, அத்தை?" என்று கேட்டோம்.

"சுண்டுவிரலைப் பாருங்க" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சுண்டுவிரல் பாதியோடு நின்றது.

"கவ்வாத்துக் கத்தி பட்ட விரல். அது எங்க அப்பா கை."

பிறகு நடந்ததைச் சொன்னார். தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. போகிறவர்கள் மட்டுமே படத்தில் இருக்கவேண்டும் என்று சொன்னதால் தாத்தா ஒதுங்கி நின்றாராம். சின்னவன் வெளிச்சத்தைக் கண்டு அழவே, அவனை அமர்த்துவதற்காகக் கையை நீட்டியிருக்கிறார். அந்தக் கணத்தில் படம் விழுந்துவிட்டது. கை விழுந்த படம் கடவுச்சீட்டுக்கு உதவாது என்று மறுபடி எடுத்தார்கள். பாழாய்ப்போன அந்தப் படத்தைத் தாத்தா தனியே காசு கொடுத்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம்.

தாத்தா 1979இல் மறைந்தார். எங்களுள் எவரும் அவரைக் கண்டதில்லை. அவருடைய படம் என்று வேறொன்றும் எங்களிடமில்லை. இத்தனை ஆண்டுகள் யாரோ உதவியாளின் கையென்று ஒதுக்கியிருக்கக்கூடிய அந்தக் கைதான் எங்கள் குடும்பத்தில் அவருக்கு எஞ்சிய உருவம். அத்தைக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து அப்பெட்டியைத் திறந்திருந்தால், அந்த விரலின் கதையைச் சொல்ல உலகில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

அன்று மாலையே மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாக அத்தைக்குக் காட்டினோம். முகம் தெரியாத கொழுந்துப் பெண்களுள் மூவரை நிற்கும் நிலை கொண்டே பெயர் சொன்னார். சொல்லச் சொல்ல எங்கள் மகள் எழுதிக்கொண்டாள்.

இவ்வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, ஏட்டில் ஏறாமல் வாய்மொழியாகவே வழங்கிய மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கினார். அவர் பாடல்களுக்குச் செய்ததைப் படங்களுக்கு நாம் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டிற் செய்யலாம். பெரிய செலவில்லை. படங்களை ஈரம்படாத காகித உறைகளில் இடவேண்டும். ஒளிப்பிரதி ஒன்று எடுத்து வேறொருவரிடமும் கொடுத்து வைக்கவேண்டும். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், யார், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு என்று எழுதவேண்டும். குமிழ்முனைப் பேனை வேண்டா; அதன் அழுத்தம் முன்புறத்திலும் தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டிலுள்ள முதியவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும்.

அச்சிறு படத்தைச் சட்டமிட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறோம். சட்டம் செய்தவர் ஓரத்தை வெட்டினால் அழகாக இருக்கும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.