தாங்கல் இல்லாத ஈக்காட்டுத்தாங்கல்

கோயம்பேடு சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் விவசாயி, ஊர் திரும்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மெட்ரோ ரயிலில் ஈக்காட்டுத்தாங்கல் போய் வரலாம். அசோக் நகர் தாண்டியதும் ரயில் அடையாற்றைக் கடக்கும். ஜன்னல் ஓரம் நின்று கீழே பார்க்க வேண்டும். கோடையில் கறுத்த சாக்கடை நீர்தான். இதை ஆறு என்றால் தஞ்சாவூர்க்காரர் சிரிப்பார்.

2015 டிசம்பர் 1 அன்று யாரும் சிரிக்கவில்லை. 24 அடி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. வழியிலுள்ள ஏரிகளின் உபரி நீரும் சேர்ந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் வீடுகள், பட்டறைகள் எல்லாம் மூழ்கின. கடன் வாங்கிப் போட்ட இயந்திரங்களில் சேறு ஏறியது. பயிர் மூழ்கிய விவசாயிக்கு அந்த வலி புரியும்.

தாங்கல் என்றால் சிறிய பாசன ஏரி. பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் என்று சென்னையில் இந்தப் பெயர்கள் பல உண்டு. நிலையத்தில் இறங்கிக் கரையையும் கலங்கலையும் தேடினால் அலுவலகக் கட்டடங்கள்தான் தெரியும். தாங்கலில் தங்கி வயலுக்குப் போக வேண்டிய மழைநீர், பெய்த கையோடு தார்ச்சாலை வழியே ஆற்றுக்கு ஓடுகிறது.

ஆற்றோரத் தெருக்களில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டால், பழைய குடியிருப்பாளர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.