சாயம் ஏறிய விரல்கள்

டிக்கோயாப் பக்கத்து லயத்துச் சுவர்களில்தான் நாங்கள் முதன்முதலில் படம் பார்த்தோம். தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பு காய்ந்ததும் அடுப்புக்கரியால் ஒரு பிள்ளை லொறி கீறும், இன்னொன்று யானை கீறும். முருகன் படம் போட்ட கலண்டர் வருடம் முடிந்தும் இஸ்தோப்பில் தொங்கும். மாசியில் காமன் கூத்து தொடங்கிவிட்டால், ரதிக்கும் மதனுக்கும் முகத்தில் வண்ணம் பூசும் அண்ணனைச் சுற்றிக் கண் கொட்டாமல் நிற்போம்.

வெளியாட்கள் வரைந்த மலைநாடு வேறு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அந்தத் தேயிலையை விற்கப் பின்னால் வந்த விளம்பரங்களிலும் தபால் அட்டைகளிலும் மலை பச்சைப் பசேலென்று இருக்கும். கூடை சுமந்த பெண் சிரித்தபடி நிற்பாள். அவள் விரல்கள் மட்டும் சரியாகத் தெரியாது.

அம்மாவின் விரல்கள் எனக்குத் தெரியும். கொழுந்துச் சாறு காற்றுப்பட்டுக் கறுத்து, வெடித்த நுனிக் கோடுகளுக்குள் இறங்கியிருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மழையில் நனைந்த படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு ரொட்டிக்கு மா பிசைகையில், வெள்ளை மாவில் அந்தக் கறுத்த கோடுகள் துலக்கமாகத் தெரியும். நிறுவையில் கொழுந்து குறைந்து அரைநாள் சம்பளமாக அரைப்பேர் விழுந்த நாளிலும் கறை குறைந்ததில்லை.

அந்தக் கறையையே ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றவர். தேயிலைச் சாயம், பாவித்த தேயிலைப் பைகள், தேத்தண்ணி வடி என்று நம் அடுப்படியில் கிடப்பவற்றைக் கொண்டு தோட்டத்துப் பெண்களின் வாழ்வைச் சொல்கிறார்.

சாயத்தால் கீறுவதற்குப் பொறுமை வேண்டும். ஒரு தரம் தடவினால் தேன் நிறம்தான் வரும். காயவிட்டு மேலே மேலே தடவத் தடவ மண் நிறம் ஏறும். ஈரம் வற்றுகையில் கறை விளிம்புக்கு ஒதுங்கி இருண்ட கோடாக நிற்கும். அவருடைய படைப்புகளைப் பார்க்கும்போது, அம்மாமார்களின் கைகளுக்கு இத்தனை காலம் கிடைக்காத மரியாதை கிடைத்துவிட்டதாகவே உணர்கிறேன்.

வண்ணப்பெட்டி வாங்க வழியில்லாத பிள்ளைக்கும் இனி வரையத் தடையில்லை. வீட்டுக் கேத்தலிலேயே சாயம் இருக்கிறது. சித்திர பாடத்தில் மலையை வரையச் சொல்லும் ஆசிரியர்கள், அந்த மலையில் கொழுந்தெடுக்கும் கையையும் வரையச் சொல்லிக் கொடுக்கட்டும். நம் பிள்ளைகளை விட அதை நன்றாக அறிந்தவர்கள் வேறு யார்?